ஒரே படியால் அளந்த புனிதர்

பணம் உள்ளவருக்கு முன்வரிசை, இல்லாதவருக்குக் கடைசி வரிசை என்பது உலக வழக்கம். அந்த வழக்கத்தைத் தம் வாழ்வாலும், முடிவில் தம் சாவாலும் மறுத்தவர் புனித அருளானந்தர். அவர் கால் பட்ட மண் நம் காரைக்குடிக்கு அருகிலேயே இருக்கிறது. அவர் இரத்தம் சிந்திய ஓரியூருக்கு நம்மில் பலர் பெற்றோருடன் போய் வந்திருப்போம். ஆனால் அவர் எதற்காக உயிர் கொடுத்தார் என்று கேட்டால், சென்ற ஆண்டு வரை எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாது. தெரிந்துகொண்டதை என் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் பித்தளைப் பூண் போட்ட பழைய படி ஒன்று இருக்கிறது. கடைகளில் கிலோக் கணக்கு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் என் அப்பத்தா அந்தப் படியால்தான் அரிசி அளப்பார்கள். உலைக்குப் போட அளந்தாலும், வாசலில் வந்து கேட்பவருக்குக் கொடுக்க அளந்தாலும் அதே படிதான். வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படி என்று இரண்டு வைத்திருக்கும் வீடு விளங்காது என்பது அப்பத்தாவின் உறுதியான எண்ணம். அந்தப் படி இருக்கும் மாடத்துக்கு மேலேதான் அருளானந்தர் படம் மாட்டியிருக்கிறது. படத்தின் கீழ் ஒரு சிறு பொட்டலத்தில் ஓரியூர்ச் செம்மண். அந்தப் புனிதரின் வரலாற்றைப் படித்து முடித்தபோது, படமும் படியும் அருகருகே இருப்பது மிகப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது.

அரண்மனைச் சிறுவன்

போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி ஒரு பிரபுக் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஜான் தெ பிரிட்டோ என்று பெயரிட்டார்கள். தந்தை சால்வதோர் தெ பிரிட்டோ அரசரிடம் உயர்ந்த பதவி வகித்தவர். அன்று போர்த்துக்கல்லின் ஆட்சியில் இருந்த பிரேசிலுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டு, அங்கேயே இறந்தார். தந்தையின் முகம்கூட நினைவில் நிற்காத வயதில் பிள்ளை தந்தையை இழந்தது. தாய் பெயாத்ரிஸ் அம்மையார் பிள்ளைகளைப் பக்தியில் வளர்த்தார்.

குடும்பத்தின் மீது அரசருக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனவே சிறுவன் ஜான் அரண்மனையிலேயே வளர்ந்தான். இளவரசர் பேதுருவும் அவனும் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து விளையாடினார்கள். பட்டாடை, வெள்ளித் தட்டு, ஏவலாட்கள், குதிரைகள் என்று எதற்கும் குறைவில்லை. அந்த வழியிலேயே போயிருந்தால், வருங்கால அரசரின் ஆருயிர் நண்பன் என்ற ஒரு தகுதியே அவனை எந்தப் பதவிக்கும் உயர்த்தியிருக்கும்.

ஏறத்தாழ பதினோரு வயதில் அவன் கடும் நோயில் விழுந்தான். மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், தாய் புனித சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டு முழுவதும் சேசு சபைக் குருக்களின் அங்கியை அவனுக்கு அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். அரண்மனைச் சிறுவர்கள் பட்டும் சரிகையுமாய்த் திரிய, இவன் மட்டும் கறுப்பு அங்கியுடன் நடமாடினான். மற்றவர்கள் கேலி செய்திருப்பார்கள். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. நேர்ச்சை முடிந்து அங்கியைக் கழற்றிய பின்னும், அந்த அங்கியின் மேல் வைத்த ஆசையை அவனால் கழற்ற முடியவில்லை.

பதினைந்து வயதில் ஒரு முடிவு

1662-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ஜான் சேசு சபையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. இந்த இடத்தைப் படித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கும் வயது பதினைந்துதான். அடுத்த ஆண்டு எந்தப் பாடப் பிரிவை எடுப்பது என்றே எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அவரோ அதே வயதில் அரண்மனையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

கோயிம்பிரா முதலிய நகரங்களில் படித்தார். 1673-இல் குருப்பட்டம் பெற்றார். புனித சவேரியார் உழைத்த இந்தியாவுக்குத் தாமும் செல்ல வேண்டும் என்பதே அவருடைய ஒரே வேண்டுகோள். தாயால் அதைத் தாங்க முடியவில்லை. மகனைத் தடுத்து நிறுத்தும்படி பாப்பரசரின் பிரதிநிதி வரை போய் முறையிட்டுப் பார்த்தார். நேர்ந்துகொண்டு அங்கி அணிவித்த அதே தாய்தான் அவர்! தாய்ப்பாசம் எத்தனை பெரியது என்பதை இதில் காண்கிறோம். ஆனாலும் மகன் மனம் மாறவில்லை. அந்த ஆண்டு மார்ச் மாதம் கப்பல் ஏறினார். ஏறக்குறைய ஆறு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு செப்டம்பரில் கோவா வந்து சேர்ந்தார்.

பட்டாடை போய்க் காவியுடை வந்தது

1674-இல் அவர் மதுரை மிஷனுக்கு வந்தார். அந்நாளில் தமிழ்நாட்டில் சாதி வேற்றுமை மிகக் கடுமையாக இருந்தது. ஒருவர் தொட்ட நீரை மற்றவர் பருகமாட்டார். ஒருவர் நடந்த தெருவில் மற்றவர் நடக்கமாட்டார். வேதம் போதிக்க வந்த குருக்களும் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனும் இராபர்ட் தெ நோபிலி, பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்து உயர்ந்த சாதியாரிடம் வேதம் போதித்தார். அவ்வாறு வாழ்ந்தவர்கள் தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. பழகினால் மற்றவர்கள் அவர்களிடம் வரமாட்டார்கள். எனவே பின்னர் பண்டாரசுவாமிகள் என்ற வேறொரு வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். இவர்கள் பண்டாரங்களைப் போல எளிய துறவிகளாய் வாழ்ந்து ஏழை எளிய மக்களிடமும் சென்றார்கள்.

ஒரே ஆண்டவருக்கு ஊழியம் செய்யும் குருக்களிலேயே இப்படி இரண்டு வகை இருந்ததை நினைத்தால் இன்று நமக்கு வருத்தமாக இருக்கிறது. அன்றைய நிலை அப்படி. ஆனால் பிரபு வீட்டுப் பிள்ளையான ஜான் தெ பிரிட்டோ இரண்டில் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. மதிப்பும் மரியாதையும் மிகுந்த வழியை அவர் எடுக்கவில்லை. பண்டாரசுவாமியானார். அருளானந்தர் என்ற தமிழ்ப் பெயரை ஏற்றார். காவியுடை உடுத்தினார், தலைப்பாகை கட்டினார், கையில் தடி ஏந்தினார். இறைச்சி, மீன், மது எல்லாவற்றையும் அறவே விட்டார். சோறும் பருப்பும் காய்கறியும் உணவாயின, வெறுந்தரை படுக்கையாயிற்று. தமிழைக் கற்றுத் தமிழிலேயே பேசினார்.

தஞ்சைப் பகுதியிலும் செஞ்சிப் பகுதியிலும் வெயில், மழை, காய்ச்சல், கலகம் எதையும் பாராமல் ஊர் ஊராக நடந்தார். பண்டாரசுவாமியின் குடிசைக்கு உழவரும் வந்தனர், கூலியாளும் வந்தனர், போர்வீரரும் வந்தனர். எல்லாருக்கும் அவர் சொன்ன வேதம் ஒன்றே. பின்னாளில் மதுரை மிஷனுக்கே தலைவராக நியமிக்கப்பட்டபோதும் அவருடைய உணவும் படுக்கையும் மாறவில்லை.

நம் சீமையில் சிறைவாசம்

இன்றைய சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் அன்று சேதுபதி மன்னர் ஆண்ட மறவர் சீமையாக இருந்தன. சிவகங்கை தனிச் சீமையாகப் பிரிந்தது அதற்குப் பிந்திய காலத்தில்தான். மறவர் சீமையில் இருந்த கிறிஸ்தவர்கள் பல ஆண்டுகளாகக் குருவைக் காணாமல் ஏங்கியிருந்தார்கள். அங்கே போவது உயிருக்கு ஆபத்து என்று தெரிந்திருந்தும், 1686-ஆம் ஆண்டு அருளானந்தர் அங்கே சென்றார். சில மாதங்களுக்குள்ளேயே உபதேசியார்களுடன் பிடிபட்டார்.

அவர்கள் அடைந்த துன்பத்தை எழுதவே கை கூசுகிறது. சங்கிலியால் மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கயிற்றில் கட்டிக் குட்டை நீரில் பலமுறை அமிழ்த்தி எடுத்தார்கள். விலங்கு பூட்டிக் காளையார்கோவிலுக்கும் கொண்டு சென்றார்கள். நாம் பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்து போகும் அந்த ஊரில், காவியுடை அணிந்த ஒரு துறவி விலங்குடன் கிடந்திருக்கிறார் என்று நினைத்தால் உள்ளம் நடுங்குகிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அருளானந்தருடன் அடிபட்ட உபதேசியார்கள் நம் தமிழ் மக்கள். அவர்களுக்கு அரண்மனை நண்பர்கள் இல்லை. அவர்களுக்காகப் பரிந்து பேசக் கடல் கடந்து ஒரு நாடும் இல்லை. சுவாமி பட்ட அடியையே அவர்களும் பட்டார்கள். சுவாமியைப் போலவே அவர்களும் விசுவாசத்தை விடவில்லை. புனிதர் வரலாற்றைப் படிக்கும்போது அவருக்குப் பக்கத்தில் நின்ற இந்த எளியவர்களையும் நாம் மறக்கலாகாது.

இறுதியில் சேதுபதி மன்னர் அவர்களை இராமநாதபுரத்துக்கு வரவழைத்தார். இனித் தம் நாட்டில் போதிக்கக் கூடாது என்று கட்டளையிட்டு விடுதலை செய்தார்.

மீண்டும் அரண்மனை, மீண்டும் மறுப்பு

காயங்கள் ஆறுவதற்குள், மிஷன் காரியமாகப் போர்த்துக்கல் செல்லும்படி சபைத் தலைவர்களிடமிருந்து ஆணை வந்தது. 1687-இல் அவர் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். இளமையில் தம்முடன் விளையாடிய பேதுரு இப்போது அரசர். ஊரே திரண்டு வரவேற்றது. தாயும் மகனைக் கண்ணாரக் கண்டார். தம் பிள்ளைக்கு ஆசிரியராக இருந்து அரண்மனையிலேயே தங்கிவிடும்படி அரசர் கேட்டுக்கொண்டார்.

நாற்பது வயது, உடலெல்லாம் தழும்பு, எதிரே அரச பதவி, அருகே வயதான தாய். தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவருடைய எண்ணமெல்லாம் மறவர் சீமையில் குருவில்லாமல் இருந்த குடிசைகளைச் சுற்றியே இருந்தது. அரச குமாரனுக்குக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் முன்வருவார்கள். அந்தக் குடிசைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க யார் வருவார்கள்? இதுவே அவர் மனத்தில் இருந்த கணக்கு. 1690-இல் மீண்டும் கப்பல் ஏறினார். தாயை அதன்பின் இவ்வுலகில் அவர் காணவில்லை. 1691-இல் எந்த மண்ணுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு இருந்ததோ அதே மறவர் சீமைக்குத் திரும்பி வந்தார்.

தடியத்தேவர்

மறவர் சீமையில் தடியத்தேவர் என்ற குறுநிலத் தலைவர் இருந்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அரியணைக்கே உரிமை கோரக்கூடியவர் என்பதால் சேதுபதி மன்னருக்கு அவர்மீது எப்போதும் ஓர் அச்சம் இருந்தது. இவருக்குத் தீராத நோய் வந்தது. எத்தனையோ வைத்தியம் பார்த்தும் குணமாகவில்லை. கிறிஸ்தவ வேதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அருளானந்தருக்கு ஆள் அனுப்பினார். அருளானந்தர் ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நோயாளியின் அருகே சுவிசேஷம் வாசித்துச் செபித்தார். தடியத்தேவர் குணமடைந்தார். நன்றியால் உருகியவர், தமக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார்.

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அந்நாளைய தலைவர்கள் பலரைப் போலத் தடியத்தேவருக்கு ஐந்து மனைவியர். கிறிஸ்தவ ஒழுக்கமோ ஒருவனுக்கு ஒருத்தி என்பது.

தோழியரே, சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு பெரிய தலைவர் கிறிஸ்தவரானால் துன்பத்தில் வாழும் மற்றக் கிறிஸ்தவர்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு! கோயில் கட்ட நிலம் கிடைக்கும்; உபதேசியார்களுக்கு அடி விழாது. இவருக்கு மட்டும் சட்டத்தைச் சிறிது தளர்த்தினால் என்ன? பெரிய இடம், பார்த்தும் பாராமல் இருந்துவிடலாம் என்று வேறு யாருக்கேனும் தோன்றியிருக்கலாம். ஆனால் ஐந்து மனைவியரோடு ஓர் ஏழை உழவன் வந்து ஞானஸ்நானம் கேட்டிருந்தால் அருளானந்தர் என்ன சொல்லியிருப்பாரோ, அதையே தடியத்தேவரிடமும் சொன்னார். ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்றார். தடியத்தேவரும் இணங்கினார். மற்ற நால்வரையும் உடன்பிறந்தவர்களாக எண்ணி, குறைவின்றிப் பராமரிப்பதாக வாக்களித்தார்.

1693-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றார். மாட்டுக்கொட்டிலில் பிறந்த பாலகனை முதலில் வந்து வணங்கியவர்கள் இடையர்கள். பிறகு வந்து வணங்கியவர்கள் இராசாக்கள். இரு சாராரும் முழந்தாளிட்டது ஒரே தீவனத் தொட்டியின் முன்தான். இராசாக்களுக்கென்று வேறு தொட்டி வைக்கப்படவில்லை. அந்தத் திருநாளில் இந்த ஞானஸ்நானம் நடந்தது எவ்வளவு பொருத்தம்!

விலக்கப்பட்ட மனைவியருள் இளையவர் சேதுபதி மன்னருக்கு நெருங்கிய உறவுப் பெண். அவர் மன்னரிடம் போய் அழுதார். அந்தப் பெண்ணைத் தீயவள் என்று எழுதும் கதைகளைப் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணாக நினைத்துப் பார்க்கும்போது, அவளுடைய துயரமும் உண்மையானதே என்று எனக்குப் படுகிறது. அவளுடைய வாழ்வும் ஒரே நாளில் தலைகீழாகிவிட்டதல்லவா? ஆண்களின் வழக்கத்தால் வந்த துன்பத்தை அவளும் சுமந்தாள். மன்னருக்கோ, உறவுப் பெண்ணின் கண்ணீரோடு தடியத்தேவர் மீதிருந்த அச்சமும் சேர்ந்துகொண்டது. ஞானஸ்நானம் நடந்து இரண்டே நாளில், ஜனவரி 8-ஆம் நாள், அருளானந்தர் சிறைபிடிக்கப்பட்டார்.

இராமநாதபுரத்தில் தடியத்தேவர் அவருக்காக மன்றாடினார்; பயனில்லை. தலைநகரில் கொன்றால் கலகம் எழும் என்று மன்னர் அஞ்சினார். அருளானந்தரை நாடு கடத்துவதாக வெளியில் சொல்லிவிட்டு, வடக்கே ஓரியூரில் ஆண்டுவந்த தம் சகோதரர் உடையத்தேவரிடம் அனுப்பினார். அங்கே கொன்றுவிட வேண்டும் என்பதே இரகசிய உத்தரவு.

ஓரியூர்ச் செம்மண்

சிறையில் எழுத மையும் பேனாவும் கிடையாது. கரியைக் கொண்டே அருளானந்தர் தம் சக குருக்களுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதில் அழுகையும் இல்லை. யாரைப் பற்றியும் குறையும் இல்லை. ஆண்டவருக்காக உயிர் கொடுக்கப் போகும் மகிழ்ச்சியே இருந்தது.

1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் புதன்கிழமை. அன்று விபூதிப் புதன். பணக்காரர் நெற்றியிலும் ஏழை நெற்றியிலும் ஒரே சாம்பலைப் பூசி, எல்லாரும் மண்ணிலிருந்து வந்தவர்களே என்று திருச்சபை நினைவூட்டும் நாள். அந்த நாளில் அவரைப் பாம்பாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றார்கள். அவர் முழந்தாளிட்டுச் செபித்தார். தம்மை வெட்ட வந்தவனையும் அன்போடு தழுவிக்கொண்டார் என்பார்கள். அங்கே அவருடைய தலை வெட்டப்பட்டது. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் நாற்பத்தாறு வயது நிறைந்திருக்கும்.

செய்தி பல மாதங்களுக்குப் பிறகு லிஸ்பனை அடைந்தது. அன்று மகனைத் தடுக்க ஓடிய அந்தத் தாய், துக்க உடை அணியாமல் திருநாள் உடை அணிந்து அரண்மனைக்கு வந்தார். மகனைச் சாகக் கொடுத்ததை அவர் ஆண்டவருக்குக் கொடுத்த காணிக்கையாகக் கொண்டார். இதைப் படித்தபோது நான் அழுதுவிட்டேன்.

1853-இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1947-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், நம் நாடு விடுதலை பெறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்பு, பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஓரியூர் இப்போது, 1987-இல் ஏற்பட்ட சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

தேவகோட்டை, திருவாடானை வழியாக அப்பத்தாவுடன் நான் ஓரியூர் போயிருக்கிறேன். காரில் வந்தவர்களும் இருந்தார்கள். தலையில் மூட்டையுடன் நடந்தே வந்தவர்களும் இருந்தார்கள். கிறிஸ்தவர்களும் இந்துக்களும் வந்திருந்தார்கள். அவருடைய இரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் பக்தியோடு சொல்லும் அந்த மண்ணை எல்லாரும் குனிந்துதான் எடுத்தார்கள். நின்றபடியே மண் எடுக்க யாராலும் முடியாதல்லவா?

நம் கையில் இருக்கும் படி

ஏழைகளுக்கு இரங்குவதுதான் சமத்துவம் என்று நான் நினைத்திருந்தேன். அது பாதிதான் என்பதை அருளானந்தர் எனக்குக் கற்பித்தார். ஏழையைத் தாழ்த்தாமல் இருப்பது ஒரு பாதி. பணக்காரருக்காகச் சட்டத்தை வளைக்காமல் இருப்பது மறு பாதி. முதல் பாதிக்காக அவர் அரண்மனையை விட்டார். இரண்டாம் பாதிக்காக உயிரையே விட்டார். பொன்மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும், கந்தை உடுத்தி வருபவருக்குத் தரையும் காட்டுவது பாவம் என்று புனித யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரித்ததும் இதையே.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நான் வகுப்புத் தலைவி. ஆசிரியை இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவது என் பொறுப்பு. ஒரு நாள் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பெரிய வீட்டுப் பெண். அவள் வீட்டு விசேஷத்துக்கு நான் போக ஆசைப்பட்டிருந்தேன். மற்றவள் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். நான் இரண்டாமவளின் பெயரை மட்டும் எழுதினேன். அவள் எழுந்து நின்று திட்டு வாங்கினாள். பேசியது இரண்டு பேர் என்று அவள் வாய் திறக்கவில்லை. சொன்னாலும் யார் நம்புவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. என்னை ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான்.

தடியத்தேவரின் கதையைப் படித்த அன்று அந்தப் பார்வை எனக்கு நினைவு வந்தது. என்னிடம் இரண்டு படிகள் இருந்திருக்கின்றன! மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியையிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் உடனே சிரித்துப் பேசிவிடவில்லை. சில நாட்கள் ஆயின. அதுவும் நியாயந்தான். பெரிய வீட்டுத் தோழிக்கு என்மேல் கோபம் வந்தது. அருளானந்தர் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கோபம் எம்மாத்திரம்?

வீட்டிலும் ஒன்று என் கண்ணில் பட்டது. வேலைக்கு வரும் அக்காவுக்குக் காப்பி கொடுக்க, பின்கட்டுச் சன்னலில் ஒரு தனித் தம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். நான் பிறந்தது முதல் அது அங்கேயே இருந்ததால் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அப்பத்தாவிடம் போய், அரிசிக்கு ஒரே படி வைத்திருக்கும் வீட்டில் காப்பிக்கு மட்டும் ஏன் இரண்டு தம்ளர் என்று கேட்டேன். அப்பத்தா பதில் சொல்லவில்லை. மாடத்தின் மேலிருந்த படத்தைச் சற்று நேரம் பார்த்தார்கள். அன்று மாலை அக்காவுக்கு எங்கள் தம்ளரில் காப்பி கொடுத்தார்கள். அக்கா வாங்கத் தயங்கினார். அப்பத்தா அவர் கையைப் பிடித்துத் தம்ளரை வைத்தார்கள்.

அன்புத் தோழியரே! நம் எல்லோர் கையிலும் ஏதாவதொரு படி இருக்கிறது. இன்று அது வகுப்புத் தலைவியின் சுண்ணாம்புக்கட்டியாக இருக்கலாம். நாளை நம்மில் சிலர் ஆசிரியைகளாகவும், செவிலியராகவும், அதிகாரிகளாகவும், கன்னியராகவும், தாய்மாராகவும் ஆவோம். அப்போது நம் முன்னே காரில் வந்தவரும் நிற்பார்; நடந்து வந்தவரும் நிற்பார். இருவருக்கும் ஒரே படியால் அளக்கும் மன உறுதியை, நம் சீமையின் புனிதராம் அருளானந்தர் நமக்குப் பெற்றுத் தருவாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி